இடது பக்கத்து ஸ்பீக்கர்

பொய் சொல்லித்தான் புது ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவு கட்டினேன். என் மனைவி பஸீலாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. வேலைக்கு ஆகவில்லை.

என் பெயர் ஆஷிக் அலி. சங்கரன்கோவிலில் நைட்டிக் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. காதுக்கு ராக் ஆல்பம். அதுவும் இசைத்தட்டில் மட்டும். ‘ஊசிமுனை’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். எந்த ஆல்பத்தை வாங்கலாம், ஜப்பானில் அச்சான தட்டு நல்லதா ஜெர்மனி அச்சு நல்லதா என்று தீர்ப்புச் சொல்வது நான். சிவகிரி, ராயகிரி, ராஜபாளையம் வரைக்கும் ஆள் உண்டு. “நடு அதிர்வெண்கள் சற்றே நாணுகின்றன” என்று எழுதுவேன். பதிலுக்குக் கைதட்டுகிற இமோஜி பொம்மைகளாக வந்து குவியும்.

வீட்டில் அந்த மரியாதை கிடையாது.

“இதுக்கு என்ன பேரு சொன்னிய மச்சான்?”

“வினைல்.”

“சரியாத்தான் வச்சிருக்கான். வினையைத் தட்டுல வச்சுக் கொண்டாந்திருக்கிய.”

எதிரொலி அடங்குவதற்காக ஹால் மூலைகளில் நைட்டி மூட்டைகளை அடுக்கியிருந்தேன். அதையும் விடவில்லை.

“இந்த மூட்டை எதுக்கு?”

“பேஸ் சத்தம் மூலையில போய்த் தேங்கிரும் பஸீலா. நைட்டி அதைக் குடிச்சிரும்.”

“ஓஹோ! குடிச்ச நைட்டியைத்தான் கடையில விக்கிதியளா?”

இப்படி இருக்கும்போது ராஜபாளையம் ராஜேஷ்குமார் தன்னுடைய ஸ்பீக்கர்களை விற்கப்போவதாகக் குழுவில் சொன்னான். ஒவ்வொன்றும் பீரோ உயரம். எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் அவற்றை வைக்கவேண்டுமென்றால் ஜன்னலோரம் இருக்கும் பஸீலாவின் தையல் மிஷின் நகர வேண்டும்.

“மிஷின் நகராது. நீங்க வேணா நகருங்க,” என்றாள்.

அதனால்தான் பொய்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். இடது ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வயரை உருவிவிட்டேன். சாப்பாட்டை முடித்துவிட்டு, துக்க வீட்டுக் குரலில் கூப்பிட்டேன்.

“பஸீலா, இடது ஸ்பீக்கர் போயிட்டு.”

“இன்னா லில்லாஹி! எப்போ?”

“இப்பத்தான்.”

“ரிப்பேர் பாக்கலாம்லா?”

“முடியாது. ஒண்ணு போனா இன்னொண்ணும் உதவாது. ஜோடியாத்தான் மாத்தணும்.”

“ஜோடியை மாத்தணுமா? யோசிக்க வேண்டிய விஷயம்தான்,” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, ஒரு பாட்டைப் போடுங்க. நானும் கேக்குதேன்.”

நான் இசைத்தட்டு தேடினேன். அவள் விளக்குமாற்றோடு வந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் தூசி தட்டினாள். நல்ல பெண், வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைப்பவள் என்று மகிழ்ந்தேன்.

‘காப்பர் டிராம்’ என்ற லண்டன் ராக் குழுவின் ஆல்பத்தை எடுத்தேன். அதில் முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது கிதார் இடது பக்கம் மட்டும்தான் வரும். என் பொய்க்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஊசியை இறக்கினேன்.

இடது பக்கம் கிதார் கொட்டியது. முன்பு எப்போதும் கேட்காத தெளிவு! எட்டிப் பார்த்தேன். வயர் சொருகியிருந்தது. நான் சொருகுவதைவிட இறுக்கமாக. பஸீலா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி நின்றாள்.

“எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குதே மச்சான்?”

அப்போதே ‘ஆமா, சரியாயிட்டு’ என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். பீரோ உயர ஆசை விட்டதா?

“கேக்கல. சுத்தமாக் கேக்கல.”

“அல்லாஹ்! அப்ப ஸ்பீக்கர் இல்ல. உங்க காதுதான் போயிட்டு!”

சாயங்காலமே காது டாக்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டாள். டாக்டர் ஹெட்போனை மாட்டிவிட்டு, “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க,” என்றார். இடது காதில் பீப், பீப் என்று மணியாகக் கேட்டது. கை துடித்தது. எதிரே பஸீலா. கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“காது சுத்தமா இருக்கே. நரம்பு களைச்சிருக்கலாம். சத்தம் அதிகமான இடத்துல வேலையா?”

“நைட்டிக் கடை டாக்டர்.”

“ராக் கேப்பாவ டாக்டர்,” என்றாள் பஸீலா. “இனிமே கேக்கலாமா?”

“ஒரு மாசத்துக்குக் கூடவே கூடாது. பஞ்சு வச்சுக்கோங்க. இப்ப ஒரு ஊசி போட்டுரலாம்.”

“நல்லதாப் போச்சு. ஊசி மாத்தணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாவ.”

மறுநாளிலிருந்து என் இரண்டு காதிலும் பஞ்சு. ராஜேஷ்குமாரின் ஸ்பீக்கரை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். ‘காப்பர் டிராம்’ புது ஆல்பம், ஜப்பான் அச்சு ஒன்று, ஜெர்மனி அச்சு ஒன்று, கூரியரில் வந்து சேர்ந்தன. தீர்ப்பு எங்கே என்று குழு அரித்தது.

“பாவம், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ,” என்றாள் பஸீலா. “நான் கேட்டுச் சொல்லுதேன்.”

என் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நைட்டி மூட்டை ஒன்று அவள் காலுக்கு முட்டுக்கொடுத்தது. என் மடியில் ஆய்வதற்கு முருங்கைக்கீரை. இரண்டு தட்டையும் கேட்டு முடித்து, என் போனில் பேசி அனுப்பினாள்.

“ஜெர்மனி அச்சுல டிரம் அடிக்கவன் பக்கத்து வீட்ல இருந்து அடிக்கான். பாடுதவனுக்குச் சளி. ஜப்பான் அச்சுல எல்லாரும் நம்ம ஹாலுக்குள்ள வந்துட்டாவ. கடைசிப் பாட்டுக்கு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அதையே வாங்குங்க.”

பஞ்சு வழியாக நானும் கேட்டிருந்தேன். தீர்ப்பு சரிதான். நான் என்றால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். பொம்மைகள் கொட்டின. என் ஆயுளில் பார்க்காத பொம்மைகள் எல்லாம் வந்தன. வாரம் ஒரு ஆல்பம் என்று ஆயிற்று. ஆல்பம் கேட்ட அன்றைக்கு அவளுக்கு உற்சாகம், எனக்கு நெய்ச்சோறு. உண்மையைச் சொன்னால், வீட்டில் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

ஆனாலும் பதவி பதவிதானே. ஒரு நாள் பஞ்சை எடுத்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: “நண்பர்களே, காது குணமாகிவருகிறது. விரைவில் திரும்புவேன்.”

எல்லாரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது. கடைசியாகச் சிவகிரி செல்லப்பா மட்டும் பதில் போட்டார்.

“அவசரமே இல்ல பாய். மதினிதான் இருக்காவல்லா? காது மெதுவாவே குணமாகட்டும்.”