சற்குணம் படுத்த படுக்கை

மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று சற்குணம் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்த இடம் பதுளை கடைவீதியில் மர்ஸூக் முதலாளியின் ஹாட்வெயார் கடை, பெயிண்ட் வாளிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து. அவர் அந்தக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். வீட்டில் முடிவெடுக்கும் வசதி அவருக்கு இல்லை. அங்கே அதற்கென்று பவளராணி இருந்தாள்.

அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் அந்தச் சந்தில்தான் பிறந்தன. வீட்டு வாசற்படியை மிதித்ததும் பெரும்பாலானவை காலமாகிவிடும். இது அப்படிப் போகக்கூடாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டார். கையில் ஈரப் பெயிண்ட் இருந்ததால் அந்த உறுதிமொழி சட்டையிலும் பதிந்தது.

"பேருதான் சற்குணம். ஆளு சற்றுக் குணம்" என்று பவளராணி பிரித்துச் சொல்லுவாள். மோசமான மனுசர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் தன் பனியன் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தெரியாது. சீனி எந்தப் பேணியில், உப்பு எந்தப் பேணியில் என்று தெரியாது. கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது வெடி வைத்துக் கல் உடைப்பதற்குச் சமமான தொழில் என்று நம்பினார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த இடத்தையும் அவரே நிரப்பிக்கொண்டிருந்தார்.

பவளராணி மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். மழை பெய்தால் பஸ் வராத அந்த ரோட்டில் நடந்தே படித்து முடித்து, முதியோர் பராமரிப்பில் பயிற்சி எடுத்து, சான்றிதழும் வாங்கியவள். பதுளையில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இருந்தார். சொந்த மகள் ஊட்டினால் துப்புவார். பவளராணி ஊட்டினால் இன்னொரு கரண்டி கேட்பார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அவுஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் முதியோர் இல்லம்தான். வேலை கொடுக்கிறவர்களே பொறுப்பு நின்று வீசா எடுத்துத் தருவார்களாம். நடுவில் ஏஜென்சி கிடையாது. தொழில் தெரிந்தவள் என்று மட்டும் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலப் பரீட்சையை அவள் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டாள். அன்று சற்குணம் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகுதான், இது தன்னைப் பாதிக்கும் விசயம் என்று அவருக்கு உறைத்தது.

அவள் போய்விட்டால் காலையில் யார் எழுப்புவது? எழுந்த பிறகு என்ன செய்வது? இதை வாய்விட்டுக் கேட்க அவருக்கு வெட்கம். அதனால் அவுஸ்திரேலியாவைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினார். அங்கே பாம்பு அதிகமாம். பாம்பைவிடச் சிலந்தி மோசமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கே சோறு கிடையாதாம், இரண்டு பாண் துண்டாம். பவளராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அட்டை கடித்து வளர்ந்த காலுக்குச் சிலந்தி பெரிதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில போன்ல இன்டர்வியூங்க. எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு விசயந்தான் யோசனையா இருக்கு."

"என்னா?"

"வீட்டுல படுத்த படுக்கையா யாராச்சும் இருந்தா எடுக்க மாட்டாங்களாம். மனசு பூரா இங்கயே கெடக்குமாம், வேலை ஓடாதாம்."

"ஓ," என்றார் சற்குணம்.

"நல்லவேள, நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்ல. நீங்க கல்லு மாதிரி இருக்கீங்க."

"ஆமாமா," என்றது கல்லு. உள்ளே அப்போதே ஒரு வெடிப்பு விழுந்துவிட்டது.

மறுநாள் கடையில் அவர் கலந்தாலோசித்தது ஷிபானிடம். குழாய்ப் பகுதிக்குப் பொறுப்பான ஷிபானுக்கு வயது குறைவு, யோசனை அதிகம். காய்ச்சல் சரிவராது என்று அவன் முதலிலேயே தள்ளிவிட்டான், அதைக் கண்ணாடிக் குச்சி காட்டிக்கொடுக்கும். சீனி வருத்தம் ரத்தத்தில் தெரிந்துவிடும். கை கால் முறிவுக்கு எக்ஸ்ரே கேட்பார்கள். இடுப்புப் பிடிப்புக்கு மட்டும் உலகத்திலே சாட்சி கிடையாது, வலிக்கிறது என்று வலிக்கிறவன் சொன்னால் அதுதான் தீர்ப்பு. சற்குணத்துக்கு அந்தச் சட்ட நுணுக்கம் மிகவும் பிடித்துப்போனது.

இரண்டு பேரும் சந்துக்குள் நின்று முனகிப் பழகினார்கள். நீட்டி முனகுவது, விட்டு விட்டு முனகுவது, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே முனகுவது. டிஸ்டெம்பர் வாங்க வந்த ஒரு ஆள், கடைக்குப் பின்னால் கன்றுக்குட்டி ஏதும் கட்டியிருக்கிறதா என்று மர்ஸூக் முதலாளியிடம் விசாரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சற்குணம் பசறை ரோட்டு மேட்டில் இருக்கும் தன் வீட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். சீமெந்து மூட்டை தூக்கினாராம், இடுப்பில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். பவளராணி பதறிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துச் சற்குணத்துக்கே பாவமாகிவிட்டது. இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. முனகலை அரைப் பங்கு கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் பவளராணி வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இறுக்கிக் கட்டி, போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் கட்டை முடி வெட்டிய ஒரு அம்மாவும் தாடிக்கார மனுசர் ஒருவரும். பேச்சு தொடங்கியது. உள்ளறையில் சற்குணம் நல்ல இடம் பார்த்து முதல் முனகலை எடுத்து விட்டார்.

முன்னறையில் பேச்சு நின்றது. பவளராணி ஆங்கிலத்தில் என்னமோ சொன்னாள். அந்த அம்மா "யெஸ், யெஸ்" என்றாள். வேலை முடிந்தது என்று சற்குணம் கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். கண்ணைத் திறந்தபோது போன் உள்ளறை ஜன்னலில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது திட்டத்தில் இல்லை. ஆனாலும் பின்வாங்க முடியாது. இன்னும் பலமாக முனகினார்.

பவளராணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கட்டில் அருகே வந்து, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்தாள். "ஐயா, ஒங்கள இந்தப் பக்கமா திருப்பப் போறேன். வலிச்சா சொல்லுங்க. திருப்பட்டுமா?" என்றாள். அப்படி ஒரு குரலை அவர் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திருப்பியதெல்லாம் அனுமதி கேட்டா நடந்தது? வாய் தன்பாட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டது.

முழங்காலை மடித்தாள், தோளில் கை வைத்தாள், ஒரு மூச்சில் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். எழுபத்தெட்டுக் கிலோ உடம்பு எப்படித் திரும்பியது என்று அவருக்கே விளங்கவில்லை. அவர் கிடக்கக் கிடக்கவே கீழே இருந்த பெட்ஷீட் போய்ப் புதியது வந்தது. வாளியில் கொண்டுவந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து முகம், கழுத்து, கை என்று துடைத்தாள். உள்ளங்காலுக்கு வந்தபோதுதான் ஆபத்து. சற்குணத்துக்கு அங்கே கூச்சம். கிளம்பிய சிரிப்பைப் பாதி வழியில் பிடித்து முனகலாக மாற்றினார். அது குதிரை கனைத்தது போல் வந்தது. தாடிக்கார மனுசர் என்னமோ எழுதிக்கொண்டார்.

அடுத்து முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று சற்குணம் கண்டுகொண்டார். பல்லை இறுக்கிக் கடித்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கரண்டியைத் தட்டிவிட்டார். வேண்டாம், போ என்று சத்தம் போட்டார். நோயாளியைச் சமாளிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக் கொடுத்தே தீருவது என்ற வெறி.

அவள் வற்புறுத்தவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பேசத் தொடங்கினாள்.

"ஐயா, நீங்க மொதமொதல்ல என்னைய பாத்தது ஞாபகம் இருக்கா? ஹல்துமுல்லை கோயில் திருவிழாவுல. பச்ச சட்ட போட்டிருந்தீங்க."

சற்குணத்தால் எதையும் பொறுக்க முடியும். தப்பான தகவலைப் பொறுக்க முடியாது.

"ஹல்துமுல்லை இல்ல, மடுல்சீ…"

மடுல்சீமை முடிவதற்குள் கரண்டி உள்ளே போய் வெளியே வந்துவிட்டது.

"அப்படியா. அப்ப ஒங்கக்கூட வந்தது ஒங்க சித்தப்பா."

"பெரியப்…"

இரண்டாவது கரண்டி. சட்டை பச்சை இல்லை, ஊதா. அன்றைக்கு மழை இல்லை, வெயில். அவள் வாங்கியது சோளப்பொரி இல்லை, பஞ்சு முட்டாய். இப்படி அவர் சரித்திரத்தைத் திருத்தத் திருத்த, கிண்ணம் காலியாகிவிட்டது. வாயைத் துடைத்து, தலையை வாரி, போர்வையை இழுத்து விட்டாள். சற்குணத்துக்குத் தூக்கம் வருவது போல் சுகமாக இருந்தது. அந்த அதிபர் ஏன் இன்னொரு கரண்டி கேட்கிறார் என்று அவருக்கு விளங்கியது. ஊரில் உள்ள வயசாளிகளுக்கெல்லாம் தினமும் இதைச் செய்துவிட்டுத்தான் இவள் வீட்டுக்கு வந்து ரொட்டியும் சுடுகிறாள் என்பதும் கூடவே விளங்கியது. 

அப்போது போனுக்குள் கைதட்டல். அந்த அம்மா எழுந்து நின்றே தட்டினாள். பேசியதில் சற்குணத்துக்குப் பிடிபட்டவை சில வார்த்தைகள்தான். "ஹஸ்பண்ட்." "வெரி குட் ஆக்டர்." "தேங்க் யூ." தாடிக்கார மனுசர் அவரைப் பார்த்துக் கை காட்டினார். படுத்த படுக்கையாகக் கிடந்த சற்குணமும் மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்து கை காட்டினார்.

போனை அணைத்ததும் அவர் கேட்டார்.

"யாரு ஆக்டரு?"

"நீங்கதான். எங்க வீட்டுக்காரரு நோயாளியா நடிச்சுத் தர்றாருன்னு அவங்ககிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். இத்தன பேரு இன்டர்வியூல இப்படி ஒரு நோயாளிய பாத்ததே இல்லையாம்."

"அப்ப, படுத்த படுக்கையா ஆள் இருந்தா எடுக்க மாட்டாங்கன்னது?"

"அது நான் சொன்னது. அவங்க சொன்னது, வீட்டுல ஒரு ஆளப் படுக்க வச்சு வேலைய செஞ்சு காட்டச் சொல்லி."

"அத என்கிட்ட நேரா கேட்டா என்னா?"

"கேட்டேனே. செத்த படுங்க, பெட்ஷீட் மாத்திப் பழகணும்னு. ஆம்பளையப் படுக்க வச்சு வெளாட்டுக் காட்டுறியான்னு கத்துனீங்க. ஒங்களைய செய்யச் சொன்னா செய்ய மாட்டீங்க. செய்யக்கூடாதத காட்டிவிட்டா ஓடிப் போயிச் செய்வீங்க."

கோபப்பட வேண்டிய கட்டம். சற்குணம் முயற்சியும் செய்து பார்த்தார். அப்போதுதான் துடைத்துவிட்ட முகத்தில் கோபம் ஒட்டவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"நீ போயிட்டா நான் என்ன புள்ள செய்வேன்?"

பவளராணி வாளியைக் கீழே வைத்தாள். "ஒங்கள யாரு விட்டுட்டுப் போறா? புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வீசா. மொத நாளே அத அவங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் சம்மதிச்சேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க கேட்டீங்க? பாம்பையும் சிலந்தியையும்தானே கேட்டீங்க."

 சற்குணம் எழுந்து, வாளியைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் ஊற்றினார். இடுப்பு நன்றாக வேலை செய்தது.

வேலைக்கு எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்த அன்று கடையில் அவர் நடை மாறிவிட்டது. அவுஸ்திரேலியாவைப் பற்றி இப்போது நல்லதாகவே பேசினார். சிலந்தி எல்லாம் சும்மா பயமுறுத்துவது, நம்ம அட்டை கடிக்காத கடியா. நீங்கள் எந்த முறையில் போகிறீர்கள் என்று ஷிபான் கேட்டதற்கு, அது "டிபென்டன்ட்" என்று ஒரு தனிப்பிரிவு, எல்லோருக்கும் கிடைக்காது, அதற்கு உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

அன்று சாயங்காலம் பவளராணி அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, ஒரு பலகையையும் கத்தியையும் நான்கு வெங்காயத்தையும் முன்னால் வைத்தாள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவும் காட்டிக்கொடுத்தாள். வீடு வெடிக்கவில்லை. சற்குணம் கண்ணீரோடு வெட்டிக்கொண்டே, இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்டார். அங்கே போனால் தான் பகல் முழுக்க வேலையில் இருப்பதாகவும், திரும்பி வரும்போது வீட்டில் சோறும் கறியும் இருக்க வேண்டும் என்றும் அவள் சொன்னாள்.

"நான் ஒன் புருசன். ஒனக்குச் சமையக்காரனா வரலயே," என்றார் சற்குணம், கொஞ்சம் முறைப்பாகவே.

பவளராணி பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அவங்க எனக்கு ஸ்பான்சர். ஒங்களுக்கு ஸ்பான்சர் நான். இன்னும் கொஞ்சம் பொடியா வெட்டுங்க, இன்டர்வியூ நடந்துக்கிட்டிருக்கு."