ஒஷாவா வரை போன ஸ்புட்னிக்

இருபதாம் நூற்றாண்டில் உருப்படியாக ஒரேயொரு மாதம்தான் இருந்தது: 1957 ஒக்டோபர். இதைக் கண்டுபிடித்த அறிஞர், கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியிருந்தார். முதல் செயற்கைக்கோள் வானத்துக்குப் போன அன்று பிறந்தவர். ஆகவே எல்லோருக்கும் அவர் ஸ்புட்னிக்.

லிஃப்டில் அகப்பட்டால் தப்ப முடியாது.

"ஐசே, நான் பிறந்து பத்து நாளில மகாராணி ஒட்டாவாவுக்கு வந்து பாராளுமன்றத்தைத் திறந்தவ. அண்டைக்கே கனடாக்காரன் ஒருத்தனுக்குச் சமாதானத்துக்கு நோபல் பரிசு. இந்த நாடு அப்பவே எனக்காக ஆயத்தப்பட்டிட்டுது."

"பேந்து நாயை ஏத்தி அனுப்பிச் சாக்காட்டினதும் உம்மட ரஷ்யாக்காரர்தானே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது நவம்பர். நவம்பருக்கு நான் பொறுப்பில்லை."

இப்பேர்ப்பட்டவருக்குக் கார் லைசென்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மனைவியிடமும் மகளிடமும், விமான நிலையத்திலிருந்து தானே ஓட்டிக் கூட்டி வருவதாகத் தொலைபேசியில் சத்தியம் செய்திருந்தார். டாக்ஸி என்று சொன்னால் மூன்று நாள் பேசமாட்டார். பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 401 நெடுஞ்சாலையை நினைத்தாலே வியர்க்கிற எனக்கு, அவரைவிடக் கூடுதலாக இருந்த ஒரே தகுதி லைசென்ஸ்.

ஒக்டோபரில் லைசென்ஸ் ரெஸ்ற்றுக்குப் போனார். தெருவோரம் நின்ற செம்மஞ்சள் கூம்பு ஒன்றைக் காரின் அடியில் இழுத்துக்கொண்டு திரும்பினார்.

"சோதிச்சவன் நவம்பரில பிறந்தவன்," என்றார்.

மனிதர் விடவில்லை. பனி கொட்டியது, பழகினார். மறுபடி ஃபெயில், மறுபடி பழகினார். என் காரின் பம்பர் கழன்றது, அவர் கழலவில்லை.

கடைசியில் மார்ச்சில் பாஸ். அதிலும் மனக்குறை. "மார்ச்சில உலகத்தில ஒண்டும் நடந்ததில்லை, ஐசே."

அடுத்த கிழமை அவர்கள் வந்து இறங்கினார்கள். மனைவியும் மகளும் பின்னால். நான் முன்னால், கதவைப் பிடித்தபடி. 401இல் இடது ஓரத்துக்குப் போனவர் இறங்கு பாதைகள் இருக்கும் வலப்பக்கம் திரும்பவேயில்லை. எங்கள் வீட்டுக்கு இறங்கும் பாதை கடந்து போனது.

"ஐசே, எக்ஸிற் போட்டுது!"

"தெரியும். கதைக்காதையும்."

வீட்டைத் தாண்டி நாற்பது கிலோமீற்றர் தள்ளி, ஒஷாவா என்று பலகை தெரிந்தது. பின்னால் திரும்பி, "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கோவன்," என்றேன்.

அவர் கணவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை அண்ணை. இவ்வளவு வருசமும் ரெலிபோனிலதானே ஓடின கார். ஓடட்டும்."

மார்ச்சில் உலகத்தில் ஒன்றும் நடந்ததில்லை என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். ஸ்புட்னிக்கே சொன்னாலும்.