கோடை மழையில் என் உற்சாகக் குளியல்

பேப்பர் படிக்கிறவனை நம்பி எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. படிக்கிறவன் என்றால் தலைப்பை மேய்ந்துவிட்டு அதிலேயே வடையை மடித்துக்கொண்டு போகிறவனைச் சொல்லவில்லை. தலையங்கம், வாசகர் கடிதம், டெண்டர் அறிவிப்பு, காணாமல் போனவர் விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பானே, அவனைச் சொல்கிறேன். 2006-இல் மரக்காணத்தில் அப்படி ஒருவன் இருந்தான். அது நான்தான்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கரண்ட் இருந்தால் ஜெராக்ஸ், போய்விட்டால் அரசியல். (கரண்ட் இருந்தாலும் அரசியல்தான் என்பாள் என் மனைவி விஜயா.) அது சட்டசபைத் தேர்தல் கோடை. வீட்டுக்கு வீடு கலர் டிவி இலவசம் என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள். "டிவி குடுப்பானுங்க, சரி. அந்த டிவியில நம்ம ஊரு எப்ப வரும்?" என்று கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கேட்பேன். ரேஷன் கார்டை நகலெடுக்க வந்தவர்கள் பாவம், கார்டை நீட்டியபடியே நிற்பார்கள்.

எங்கள் ஊர் செய்தியில் வர வேண்டுமானால் ஈ.சி.ஆர். ரோட்டில் யாராவது அடிபட்டுச் சாக வேண்டும். சுனாமி வந்தபோது மட்டும் கடலோரக் குப்பங்களுக்கு கேமராக்கள் வரிசையாக வந்தன. வந்தவர்களும் யார் அழுகிறார்கள் என்று பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினார்கள். அழுது முடித்துவிட்டுக் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒருத்தரும் மைக்கை நீட்டவில்லை. எனக்கு அதில் அப்படி ஒரு ஆத்திரம். 'எங்கள் மக்களை அழுமூஞ்சிகளாகக் காட்டாதீர்கள்' என்று எல்லாப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதினேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை. ஆகியிருந்தால் ஆத்திரம் அத்தோடு தீர்ந்திருக்கும், பின்னால் நடந்ததும் நடந்திருக்காது.

விஜயாவின் அண்ணன் ஏழுமலை குத்தகைக்கு உப்பளம் வைத்திருந்தார். தை பிறந்ததும் பெண்கள் பாத்திக்குள் இறங்கி, சேற்றைக் காலாலேயே மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். அந்தத் தரையில் உப்புத் தண்ணீரை விரல் உயரத்துக்கு விட்டு வெயிலில் காயவைத்தால்தான் உப்பு விளையும். சித்திரையில் ஒரு நல்ல மழை அடித்தால் போதும், விளைந்த உப்பு கரைந்துபோகும், மிதித்த தரை பழையபடி சேறாகிவிடும். தண்ணீரை வடித்து மறுபடி மிதித்து எடுக்கும்வரை யாருக்கும் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. ஊரே "அப்பாடா, குளுகுளுன்னு இருக்குது" என்று சொல்லும்போது உப்பளத்து ஜனம் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் விடிய விடிய அடித்தது.

மச்சானும் நாலைந்து பேரும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "சேதம்னு நான் மேல எழுதணும்னா அவங்க காதுலயும் விழணும் இல்ல? பேப்பர்ல வரவைங்க. மேல இருந்து கேப்பாங்க, நான் வந்து பார்த்து எழுதறேன். எழுதினா ஏதாச்சும் நிவாரணம் வரும்" என்று அனுப்பிவைத்தார்.

பேப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

கூட அஞ்சலையக்காவும் வந்திருந்தது. மச்சானின் பாத்திகளில் வருஷக்கணக்காக வேலை செய்கிற பெண், புருஷன் இல்லாதவள். "தம்பி, பொண்ணு பத்தாவது எழுதிட்டு உக்காந்திருக்குது. பதினொண்ணு சேக்கணும். கெவர்மெண்டு ஏதாச்சும் குடுத்தா சேத்துடுவேன். இல்லாங்காட்டி அதையும் இட்டுக்கினு செங்கல் சூளைக்குத்தான் போவணும். நீ படிச்சவன், நீயே பேசு" என்றது.

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் போன் போட்டதில், திண்டிவனத்திலிருந்து பாலு என்கிற நிருபர் மறுநாள் பைக்கில் உப்பளத்துக்கு வந்தார். கழுத்தில் கேமரா. நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தேன். (துக்கத்தைச் சொல்லப் போகிறவன் பவுடர் வேறு போட்டிருந்தேன்.) அவர் நோட்டைத் திறந்து, "எவ்வளவு உப்பு போச்சு சார்?" என்று கேட்டார்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நிஜ நிருபர் என் எதிரில் நிற்பது அதுதான் முதல் தடவை. பிடித்துக்கொண்டேன். மாவட்டச் செய்திக்கு ஏன் அரைப்பக்கம், சினிமாவுக்கு ஏன் முழுப்பக்கம், கூட்டணிக் கணக்கை ஏன் தப்பாகப் போடுகிறீர்கள், மழை பெய்தாலே 'பொதுமக்கள் மகிழ்ச்சி' என்று எழுதுகிறீர்களே, எந்தப் பொதுமக்களைக் கேட்டீர்கள் என்று விளாசினேன். பாலு நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். மச்சான் பின்னாலிருந்து, "மாப்ள, உப்பைப் பத்திச் சொல்லு மாப்ள" என்று இரண்டு முறை இடுப்பில் குத்தினார்.

"சரி சார், ஒரு படம் எடுத்துடலாம். வெயில் ஏறுது" என்றார் பாலு.

பெண்கள் எல்லாரும் வரப்பில் வந்து நின்றார்கள். கேமராவைப் பார்த்ததும் அஞ்சலையக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, வயிற்றிலிருந்து வந்த அழுகை. மற்றவர்களும் தொடங்கினார்கள். பாலு சடாரென்று கேமராவைத் தூக்கினார்.

நான் குறுக்கே பாய்ந்தேன்.

"இதத்தான் சார் வேணாங்கறேன்! எங்க ஜனம் மானஸ்தங்க. யக்கா, அழுவாதீங்க. யாரும் அழுவக் கூடாது. கௌரவமா நில்லுங்க!"

அஞ்சலையக்கா என்னைப் பார்த்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது.

அப்புறம்தான் ஒரு சிக்கல் எனக்கே உறைத்தது. கரைந்துபோன உப்பைப் படம் பிடிக்க முடியாது. இடிந்த வீட்டைக் காட்டலாம், செத்த மாட்டைக் காட்டலாம். எங்கள் நாசமோ பளபளவென்று ஏரி மாதிரி அழகாகக் கிடந்தது, மேலே கொக்கு வேறு பறந்தது. ஆழத்தையாவது காட்டலாமே என்று வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, தலைக்கு மேலே தூக்கி, "இதுதான் சார் எங்க உப்பு! பாருங்க சார்!" என்று கத்தினேன். விரலிடுக்கில் வழிந்தது முகத்தில் கொட்டியது. எனக்கு முன்பற்கள் கொஞ்சம் தூக்கல். அப்பா செத்த அன்றைக்கே, மாலை போட வந்தவர்கள் நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று விசாரித்தார்கள்.

மறுநாள் படம் வந்தது. நாலு காலம், கலரில். 'கோடை மழை கொட்டியது: மரக்காணத்தில் பொதுமக்கள் உற்சாகக் குளியல்'. நடுவில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய, வெள்ளைச் சட்டையில் பொதுமக்கள்.

பாலுவுக்குப் போன் போட்டேன். "நான் சேதம்னுதான் சார் எழுதினேன். ஆபீஸ்ல படத்தைப் பார்த்துட்டு மாத்திட்டாங்க. ஒருத்தராச்சும் அழுதிருந்தா மாத்தியிருக்க மாட்டாங்க" என்றார்.

மச்சானோடு தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். அதிகாரி மேஜையில் அதே பேப்பர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இத மேல இருக்கறவங்களும் பாத்துட்டாங்க. உங்க ஊர்ல ரொம்ப சந்தோஷமாமேன்னு கேக்கறாங்க. இதுக்கப்புறம் நான் எதைய்யா சேதம்னு எழுதறது?" என்றார். மறுப்புச் செய்தி போடச் சொல்லிப் பத்திரிகைக்கு ஆறு பக்கம் எழுதினேன். வழக்கம்போல வரவில்லை. நிவாரணமும் வரவில்லை.

வாசலில் மச்சான் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அஞ்சலையக்கா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சூளைக்குப் போனது, மகளோடு. பஸ் என் கடைக்கு எதிரில்தான் நின்றது. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பத்தாவது பாஸாகியிருந்தாள். பின்னால் ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பரை நான்தான் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் ஊரில் இல்லை.

இப்போதும் மழை பிடித்தால் விஜயா ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போடுவாள். "போங்க, பேப்பர்காரன் வந்துடப் போறான்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மச்சான் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அந்தப் படத்தை என் மகன் லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறான். (இலவச டிவிதான், தேர்தல் முடிந்து வந்தது.)

போன மாசம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா படத்துக்குக் கிட்டே போய் நின்று, கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பின்னாடி இந்தம்மாவப் பாருங்க. சிரிப்ப அடக்க முடியாம வாயப் பொத்திக்கினு நிக்குது!"

"அது சிரிக்கலீங்க, அழுவுது. நான்தான் அழுவக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றேன்.

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். என் முகத்தையும் பார்த்திருப்பார்கள், பல் தெரிந்திருக்கும்.