ஒரு கரடி, இரண்டு சம்பந்திகள்

"சம்பந்தி, கரடி உங்க பக்கமா இருக்கு?" வனக்காவலர் போனில் கிசுகிசுத்தார்.

"காலையிலேருந்து கண்ணுலயே படல. உங்க பக்கம் இல்லையா?"

"இருந்தா உங்களை எதுக்குக் கேக்கப்போறேன்?"

ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு. அக்கரை வனக்காவலரின் மகனுக்குத்தான் இவர் பெண்ணைக் கொடுத்திருந்தார். கல்யாணத்தில்கூட வராத மனஸ்தாபம் இப்போது கரடியால் வந்துவிடும் போலிருந்தது.

கரடி வாழும் காட்டில் கோடாரி படக்கூடாது என்று இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருந்தன. நல்ல காரியம்தான். ஆனால் இருந்ததோ ஒரே கரடி. அது ஆற்றை நீந்திக் கடந்து இரண்டு காட்டிலும் திரிந்தது. கணக்கெடுப்பு இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம் என்பதால் சம்பந்திகள் இருவரும் கூசாமல், "எங்க காட்டுல ஒண்ணு இருக்கு" என்று சொல்லி வந்தார்கள்.

இந்த வருஷம் நாடுகளுக்கு ஒற்றுமை முற்றிவிட்டது. இரு கரையிலும் ஒரே நாளில் கணக்கெடுப்பு! கரடி இல்லாத காட்டை மரவாடிக்காரன் வெட்ட எடுத்துக்கொள்வான்.

வனக்காவலர் மரத்தில் தேனைப் பூசினார். கரடி வரவில்லை, தேனீக்கள் வந்தன. கணக்கெடுக்க வந்திருந்த அதிகாரியின் மூக்கு பணியாரமாக வீங்கியது.

மறுபடி போன் போட்டார். "நீங்களும் அங்க தேன் வச்சிருக்கீங்களா?"

"பின்ன? என் காடு காடு இல்லையா?"

"பெத்த பொண்ணையே கொடுத்திருக்கேன். ஒரு கரடியைக் கொடுக்க மாட்டீங்களா? ஒரு மணி நேரம் போதும், திருப்பி அனுப்பிடறேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. மூக்கைப் பிடித்தபடி பின்னால் நின்றார் அதிகாரி.

"ஏய்யா, ரெண்டு காட்டுக்கும் சேத்து ஒரே கரடியா? இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தினீங்களா?"

வனக்காவலர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே மரங்கள் அசைந்தன. ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும்.

"இருக்கறது ஒண்ணுதான்யா. அதுக்கு ரெண்டு காடும் வேணும். அதுக்கு ஆத்தோட நடுக்கோடு தெரியாதே!"

"சம்பந்தி!" போன் அலறியது. "வந்துடுச்சு! என் கண்ணு முன்னாடி நிக்குது! எங்க அதிகாரியும் பாத்துட்டார்!"

போச்சு. இந்தக் காடு போச்சு. வனக்காவலர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எங்க காட்டை வெட்டிடுவாங்களே" என்று வாய்விட்டு அழுதார்.

ஆற்றுப் பக்கமிருந்து படகோட்டி பூனை போல நடந்து வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா அழுங்க. இந்தக் கரையில, என் படகுப் பக்கத்துல கரடி தண்ணி குடிச்சிட்டிருக்கு."