குவோலுக்கு நான் செலுத்திய அஞ்சலி

தெரியாத விஷயத்தை மெல்லிய குரலில் சொன்னால் தப்பிக்கலாம். கணீரென்று சொன்னால் ஆயுசுக்கும் பெயர் நிலைக்கும். எனக்குக் கணீர்க் குரல்.

தாரணியை நான் பொம்பிளை பார்த்தது லண்டனில் ஒரு மியூசியத்தில். விலங்கியல் படித்த அவளே தெரிவுசெய்த இடம். கூடவே அவளுடைய அம்மாவும் வந்திருந்தார்; நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். கணக்காளனான எனக்கு மிருகம் என்றால் ஆட்டிறைச்சிக் கறி வரைக்கும்தான் பழக்கம். ஆனாலும் ஹரோவிலிருந்து வரும்போது ரெயினில் போனைத் தோண்டி, அந்த மியூசியத்தில் இருக்கும் குவோல் என்ற பிராணியைப் பற்றி மனப்பாடம் செய்திருந்தேன். பூனையளவு, வெள்ளைப் புள்ளி, வயிற்றுப் பையில் குட்டி, சாப்பாடு இறைச்சி. ஆறு வகை ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கம் உயிரோடு இருக்கிறது. எப்போதோ அழிந்துபோன இன்னொன்றுக்குத் தாடைதான் மிச்சம். (எது எது என்பதுதான் இறங்கும் அவசரத்தில் குழம்பிவிட்டது.)

கண்ணாடிப் பெட்டிக்குள், பாடம் செய்த புள்ளிக் குவோல் ஒன்று நின்றது.

“இந்த இனம் பூண்டோட அழிஞ்சு போச்சு,” என்றேன், குரல் தழுதழுக்க.

அன்ரி கண்ணைத் துடைத்தார். “ஒண்டுகூட மிச்சம் இல்லையோ தம்பி?”

“இல்லை அன்ரி. மனுசன்தான் காரணம்.”

தலைகுனிந்து மௌன அஞ்சலியும் செலுத்தினேன். அன்ரியும் செலுத்தினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர், என்ன ஏதென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினார்.

தாரணி பெருவிரலை நீட்டினாள். அதில் ஒரு தழும்பு.

“போன வருசம் டஸ்மேனியாவில இதுல ஒண்டு என்னைக் கடிச்சது.”

சமாளிக்கப் பார்த்தேன். எனக்குப் பின்னாலிருந்த பெட்டியில் கிடந்த சின்னத் தாடை எலும்பைக் காட்டி, “அப்ப இது குட்டியின்ரயோ?” என்றேன்.

“அதுதான் அழிஞ்ச இனம். நீங்க அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு அழுதனீங்க.”

அன்ரி கைலேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கலியாணமும் அதோடு உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். தாரணிதான் காப்பாற்றினாள். “பொய்யெண்டாலும் மனமுருகிச் சொன்னவர், அம்மா. ஓம் எண்டு சொல்லுங்கோ.”

அன்ரி ஓம் என்று, எனக்கு மாமியும் ஆனார். ஆனால் அன்றிலிருந்து, யாராவது மோசம் போய்விட்டதாக நான் சொன்னால் அவர் அழமாட்டார்; முதலில் செத்தவருக்கே போன் எடுப்பார்.

போன மாதம், செவன் கிங்ஸில் இருக்கும் பொன்னுத்துரை அண்ணையின் மரணச் செய்தியைத் துக்கத்தோடு சொன்னேன். மாமி போன் எடுத்தார்.

பொன்னுத்துரை அண்ணையே எடுத்தார்.