பன்னிரண்டாயிரம் அடிகள்

மணி ஐந்தே கால். ஐந்தரைக்குப் பஸ். பம்பரத்தைக் காணோம்.

ஹெட்கிளார்க் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டி நாலு பக்கமும் பார்த்தார். எழுந்து நின்று பார்த்திருக்கலாம்தான். ஆனால் உட்கார்ந்தே முடிகிற வேலைக்கு எழுந்து நிற்பது அவர் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம்.

பம்பரம் என்பது அந்த ஆறு மாடி அலுவலகத்தின் அட்டெண்டர். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு. காலையில் கோப்புக் கட்டோடு படியேற ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்பார். அதனால் அந்தப் பேர். ஆபீஸ் ஃபோனை எடுப்பதும் அவர்தான் என்பதால் ஹெட்கிளார்க்கின் மனைவிக்குக்கூட அவர் குரல் பழக்கம்.

இப்போது அவர் மணிக்கட்டில், சட்டைக் கைக்குள்ளே, ஹெட்கிளார்க்கின் கறுப்புப் பட்டை இருந்தது. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற பட்டை. அது இல்லாமல் வீட்டுக்குப் போனால் தீர்ந்தது கதை.

எல்லாம் டாக்டர் ஆரம்பித்து வைத்தது.

"சர்க்கரை உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது. இன்னும் உள்ள வரல," என்றார் அவர். "தினமும் நடங்க. நடக்கும்போது கால் சதை ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கும். பிரஷருக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. ஆனா ஒரு நாள் ஓடிட்டு ஆறு நாள் படுத்துக்கிறது வேலைக்காகாது. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாப்போம். குறையலைன்னா மாத்திரைதான்."

ஹெட்கிளார்க் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். மனைவி விடவில்லை. அவர் அண்ணனுக்கு இதே சர்க்கரையில்தான் இரண்டு கால்விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் காலில் போட்ட கட்டைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் பயம். திரும்பும் வழியிலேயே பட்டையை வாங்கிக் கட்டிவிட்டாள்.

"தினமும் பத்தாயிரம் அடி. எண்ணிக்கை அப்பப்ப என் ஃபோனுக்கு வந்துரும். ஏமாத்த முடியாது."

"உன்னை ஏமாத்தி எனக்கென்ன ஆகப்போகுது?" என்றார் அவர். சொல்லும்போதே பம்பரத்தின் நினைப்பு வந்துவிட்டது.

முதல் நாள் சுலபமாகப் போயிற்று. காலையில் பட்டையைக் கொடுத்தார், பம்பரம் கட்டிக்கொண்டு கிளம்பினார். பதினோரு மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சீட்டுல உக்காந்து வேலை பாத்துட்டிருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

சாயங்காலம் பம்பரமே வந்து பட்டையைக் கொடுத்தார். பன்னிரண்டாயிரம் அடி! மனைவி கீழே வாசலிலேயே காத்திருந்து மெச்சிக்கொண்டாள். பிறகு வீட்டு லிஃப்ட் வாசலில் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவ்வளவு நடந்தவருக்கு மூணு மாடி ஒரு மாடியா? படியில வாங்க."

மறு நாள்தான் இந்தக் கூத்து. ஹெட்கிளார்க் லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குப் போனார். "இப்பத்தான் படியில இறங்கினாரு," என்றார்கள். கீழே வந்தார். "அடடா, இப்பத்தான் மேல ஏறினாரு!" என்றார்கள். லிஃப்டை நம்பினால் ஆளைப் பிடிக்க முடியாது என்று படியில் ஏறினார். ஆறாம் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பம்பரம் சாவகாசமாக நின்றிருந்தார்.

"எங்கய்யா போனீங்க?"

"கோப்பு தேடினேன் சார்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்ன கோப்பு என்று கேட்க ஹெட்கிளார்க்குக்கு மூச்சு இல்லை. பஸ்ஸும் போய்விட்டது. நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

அதற்கு ஒரு வழி செய்தார். "மத்தியானமே பட்டையைக் குடுத்துடுங்க," என்றார். எண்ணிக்கை பாதியில் நின்றது. "சாப்பாட்டுக்கு மேல தூங்கிட்டீங்களா?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். இனி தினமும் மத்தியானம் வீடியோவில் பட்டையைக் காட்டணும் என்றாள். ஆகவே மத்தியானம் வாங்கி, அவளுக்குக் காட்டி, மறுபடி பம்பரத்திடம் கொடுத்து, சாயங்காலம் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. ஒரு தேடல் மூன்று தேடலானது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாடி.

சீச்சீ, இந்தச் சனியனே வேண்டாம் என்று ஒரு நாள் பட்டையைத் தன் கையிலேயே கட்டி, மேசைக்கடியில் கையை ஆட்டிப் பார்த்தார். டீ கவிழ்ந்தது. கவிழ்ந்த இடம், மாடிக்கு ஒரு கையெழுத்தாக ஆறு அதிகாரிகள் ஒப்பமிட்ட கோப்பு. மேனேஜர் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நீங்களே போய் ஆறு பேர்கிட்டயும் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க."

அன்றைக்கு லிஃப்டும் பழுது. மறு நாளிலிருந்து பட்டை பம்பரத்திடமே போயிற்று.

இரண்டாம் மாதம் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சலவைக்காரர் துணியை இழுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் நன்றாகப் பசித்தது, படுத்ததும் தூக்கம் வந்தது. எல்லாம் மனக்கவலை என்று முடிவு கட்டிக்கொண்டார். பொய் சொல்கிறவனுக்குக் கவலை இல்லாமல் இருக்குமா?

மூன்றாம் மாதம் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"வாசல்ல நின்ன சர்க்கரை செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிருச்சு! மாத்திரை வேண்டாம். இதே மாதிரி நடங்க, விட்டுடாதீங்க. விட்டா திரும்ப வரும்."

வெளியே வராந்தாவில் மனைவி ரிப்போர்ட்டை நெஞ்சோடு பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அண்ணன் கால் மாதிரி ஆயிடுமோன்னு தினமும் பயந்துட்டிருந்தேங்க," என்றாள்.

ஹெட்கிளார்க்குக்கு இவளைப் போய் ஏமாற்றினோமே என்றிருந்தது. மனுஷனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என்னை மன்னிச்சுடு. நான் ஒரு அடிகூட நடக்கல. எல்லாம் பம்பரம் நடந்தது. பட்டையை அவர் கையிலதான் கட்டிவிட்டேன்."

"அப்படியா?" மனைவி முகத்தில் கோபமே இல்லை. "அப்ப சர்க்கரை எப்படிங்க உங்களுக்குக் குறைஞ்சுது?"

"அதான் எனக்கும் புரியல. அவரைத் தேடி அலையவே எனக்கு நேரம் சரியா இருந்தது. நான் எங்க நடந்தேன்?"

அவள் பையில் ஃபோன் அடித்தது. அவள் இரண்டு கையாலும் ரிப்போர்ட்டைப் பிடித்திருந்ததால் ஹெட்கிளார்க்கே எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ" சொல்லக்கூட விடவில்லை, பம்பரத்தின் குரல்.

"அம்மா, சாரோட ரிப்போர்ட் வந்துருச்சா? நாளைக்கு நான் எந்த மாடியில ஒளிஞ்சுக்கணும்னு இன்னும் நீங்க சொல்லலையே!"