அகதி கட்டிய அட்டைப்பெட்டி

வளைகுடாவில் வேலை செய்பவனுக்குப் பெட்டி கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் மகள் சல்மா ஏழாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு மாறியிருந்தாள். அங்கே ஓர் ஆங்கில நாடகம். பிரான்சில் மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் தப்பிக் கப்பலேறி, அந்தக் கால அமெரிக்காவில் குடியேறிய கதை. எழுதி இயக்கியது சல்மா. பெற்றோரில் ஒருவர் நடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட, பியேர் என்கிற அகதி வேடம் என் தலையில் விழுந்தது.

"வாப்பா, ப்ளீஸ், சொதப்பிடாதீங்க. இங்க எனக்கு இன்னும் ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல. ஒரு பெட்டியோட வந்து நின்னா போதும்."

பெட்டிதானே! போர்வை, பால்பவுடர், பாதாம், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து, டேப் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கினேன். நான்கு பக்கமும் மார்க்கரில் 'பியேர்' என்று எழுதி, கீழே என் மொபைல் நம்பரையும் போட்டேன். (கப்பலில் தொலைந்துவிட்டால்?)

துறைமுக அதிகாரியாக நடித்த மாணவி பெட்டியைப் பார்த்து மிரண்டாள். "இவ்வளவும் யாருக்கு?"

"வீட்டுக்கு. அப்புறம் மச்சான்மாருக்கு."

"எப்போது திரும்பிப் போவீர்கள்?"

'இனி ஒருபோதும் முடியாது' என்று நான் கண்கலங்க வேண்டிய இடம். வாய் தானாகச் சொன்னது: "ரெண்டு வருஷம். அப்புறம் லீவு, இன்ஷா அல்லாஹ்."

அரங்கமே சிரித்தது. மேடை ஓரத்தில் சல்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீடு திரும்பும்போது காரில் சொன்னாள். "அவங்க ஊரை விட்டு ஓடி வர்றாங்க வாப்பா. நீங்க ஊருக்குப் போறதுக்குக் கட்டியிருக்கீங்க."

உண்மைதான். எனக்குக் கட்டத் தெரிந்தது அந்த ஒரு பெட்டிதான்.

"நான் பொறந்ததே இங்கதான். விசா முடிஞ்சா இங்க இருக்க முடியாது. எனக்கு எது வாப்பா ஊரு?"

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்தறியாத என் மனைவி, அன்றிலிருந்து கூச்சமே இல்லாமல் 'பியேர்' என்கிறாள். சல்மா இப்போது கனடாவில் படிக்கிறாள். போன வாரம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன், "லீவுக்கு எப்பம்மா ஊருக்கு வர்ற?"

"எந்த ஊருக்கு வாப்பா?"

நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பியேர்கிட்ட கேக்காத, அவருக்கே தெரியாது."

மூவரும் சிரித்தோம். சல்மாதான் முதலில் நிறுத்தினாள்.